வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர்: முதல் நாளுக்குக் கணவனும் மனைவியும் செய்ய வேண்டிய ஆயத்தங்கள்



இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மானாவாரிக் காடு கொஞ்சம், நாலு ஆடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுப் பெரியவருக்குப் போன மாதம் வாதம் அடித்துவிட்டது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப் போய்விட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். "உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போங்கள். பயிற்சி கொடுத்துக்கொண்டே இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் திகைப்பு. பயிற்சி என்றால் என்ன? யார் கொடுப்பது? தெரியாத்தனமாக ஏதாவது செய்து, இருப்பதும் கெட்டுப் போனால்?

இந்த நேரத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வாசலில் வந்து நின்று சொல்கிறார்: "வர்ற செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி டாக்டர் உங்க வீட்டுக்கே வர்றாங்க. ரெண்டு பேரும் வீட்டுல இருங்க."

அவர் போனதும் கணவர் சொல்கிறார்: "செவ்வாக்கிழமை கடலை பறிக்க ஆள் சொல்லியிருக்கேன். நீ இருந்து கேட்டுக்க."

மனைவி சொல்கிறாள்: "ஏங்க, நான் ஒருத்தி கேட்டு என்ன பண்றது? மாமாவைத் தூக்கி உட்கார வைக்கவே எனக்கு இடுப்பு விட்டுப் போகுது."

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் பெரியவரின் கையும் காலும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைக்குள் இந்தத் தம்பதியர் என்னென்ன செய்து வைக்க வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

வருபவர் யார்? எதற்கு வருகிறார்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டிலேயே கொண்டு வந்து கொடுப்பது, படுக்கையில் இருப்போருக்கு வலி தணிப்பு சிகிச்சை அளிப்பது ஆகியவற்றோடு, இயன்முறை சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்த திட்டம் அது. இயன்முறை மருத்துவர் என்பவரைத்தான் நாம் பேச்சு வழக்கில் பிசியோதெரபி டாக்டர் என்கிறோம்.

அவர் ஊசி போட வருவதில்லை. எண்ணெய் தேய்த்துவிட வருவதுமில்லை. முதல் நாளில் பெரும்பாலும் பார்ப்பார், கேட்பார், அளப்பார். இரத்த அழுத்தம் பார்ப்பார். எந்தத் தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது, மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா, உட்கார்ந்தால் சாய்கிறாரா, நிற்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார். அதன் பிறகு இரண்டு மூன்று பயிற்சிகளைச் செய்து காட்டி, உங்களையும் செய்யச் சொல்வார்.

"இவ்வளவுதானா? ஒண்ணுமே பண்ணலையே" என்று எண்ணிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

நோய் கையிலா, மூளையிலா?

பக்கவாதம் கையிலும் காலிலும் வந்த நோய் அன்று. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, மூளையின் ஒரு பகுதி பழுதாகிறது. மூளையின் இடப்பக்கம் பழுதானால் உடம்பின் வலப்பக்கம் விழும். வலப்பக்கம் பழுதானால் இடப்பக்கம் விழும். மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, கரண்டு வரும் ஒயர்தான் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதான இடம் பழையபடி ஆகாது. ஆனால் அதன் வேலையில் ஒரு பங்கை, மூளையின் மற்றப் பகுதிகள் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியும். எப்படிக் கற்கும்? திரும்பத் திரும்பச் செய்வதால் கற்கும். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை எப்படி விழுகிறது? ஒரு நாள் ஒருவர் நடந்தால் விழுமா? தினமும் நடந்து நடந்துதான் புல் சாய்ந்து தடம் தெரிகிறது. பயிற்சியும் அப்படித்தான். இந்த முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக இருக்கும். பிறகும் உண்டு, ஆனால் மெதுவாக.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வருகிறவர் உங்கள் வீட்டில் இருப்பது கொஞ்ச நேரம். பல ஊர்களுக்கும் போக வேண்டியவர் அவர், தினமும் வர இயலாது. மீதி நேரமெல்லாம் பெரியவருடன் இருப்பவர் யார்? நீங்கள்தான். ஆகவே முதல் நாள் வருகை என்பது பெரியவருக்கு நடக்கும் சிகிச்சை மட்டும் அன்று, உங்கள் இருவருக்கும் நடக்கும் வகுப்பு. வகுப்புக்கு ஒருவர் வந்து ஒருவர் வராமல் போனால் பாடம் பாதியாகிவிடும். கடலை பறிப்பை ஒரு நாள் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால், முன்கூட்டியே தன்னார்வலரிடம் சொல்லி, இருவரும் இருக்கக்கூடிய நேரத்தைக் கேளுங்கள்.

அவர் வரும் வரையில் செய்யக் கூடாதவை

1. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டை இறுக்கிப் பிடித்திருந்த தசைகள் இப்போது தளர்ந்திருக்கின்றன. கையைப் பிடித்து இழுத்தாலும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலும் மூட்டு இறங்கிவிடும். பிறகு அந்த வலியாலேயே அவர் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டார். எழுப்ப வேண்டுமானால் இருவராகச் சேர்ந்து, முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்புங்கள்.

2. கையைத் தொங்க விடாதீர்கள். படுத்திருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணையோ மடித்த போர்வையோ இருக்கட்டும்.

3. சூடான ஒத்தடம் வேண்டாம். விழுந்த பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வறுத்த உப்பு மூட்டையோ, வெந்நீர்ப் பையோ தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரை நோயும் இருந்தால் அந்தப் புண் லேசில் ஆறாது.

4. புறா இரத்தம் தேய்த்தால் கை கால் வந்துவிடும் என்று அக்கம்பக்கத்துப் பெரியம்மா சொல்வார். அன்பினால்தான் சொல்கிறார், கோபிக்க வேண்டாம். ஆனால் தோலின் மேல் தடவும் எதுவும் மூளையில் உள்ள பழுதைச் சரி செய்வதில்லை. அதற்குச் செலவழிக்கும் நாட்களோ திரும்பக் கிடைக்காத நாட்கள்.

5. "பாவம், படுத்தே கெடக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும், முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வையுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மஞ்சள் பை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கண்டவற்றை அதில் போட்டு ஆணியில் மாட்டி வையுங்கள். அவர் வந்த பிறகு பெட்டியைக் குடைந்துகொண்டு இருக்க வேண்டாம்.

மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டு. தலை ஸ்கேன் படமும் அதன் அறிக்கையும். இரத்த அழுத்தம், சர்க்கரை எழுதியுள்ள சிறு புத்தகம். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. நாட்டு மருந்து ஏதாவது கொடுத்து வந்தால் அதையும் ஒளிக்காமல் வையுங்கள். திட்டுவாரோ என்று மறைத்தால் நஷ்டம் பெரியவருக்குத்தான்.

அதோடு ஒரு தாளில் கீழ்க்கண்ட விவரங்களை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

• வாதம் வந்த தேதி. அன்று என்ன நடந்தது?
• அதற்கு முன் என்னென்ன வேலை தானே செய்து வந்தார்?
• இப்போது எதெல்லாம் தானே செய்கிறார்? புரளுகிறாரா, உட்காருகிறாரா, இடது கையால் சாப்பிடுகிறாரா?
• வீட்டுக்கு வந்த பிறகு விழுந்தாரா? எத்தனை முறை, எங்கே?
• வலி எங்கே? எந்த நேரத்தில் அதிகம்?
• தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா?
• மலம், சிறுநீர் எப்படிப் போகிறது? தூக்கம் எப்படி?
• பகலில் வீட்டில் இருப்பது யார்? இரவில் யார்?

கடைசிக் கேள்வியை அலட்சியமாக எண்ணாதீர்கள். ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு விதமாகப் பயிற்சி சொல்ல வேண்டும், இருவர் இருக்கும் வீட்டுக்கு வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

இடத்தைச் சரி செய்தல்

பயிற்சிக்குத் தனி அறை தேவையில்லை. ஆசாரமோ திண்ணையோ போதும். பத்து அடி நீளம் தடங்கலின்றி நடக்கக் கூடிய இடமாக இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும். தரை ஈரமாக இருக்கக் கூடாது. அன்று வீடு மெழுகுவதோ கழுவுவதோ ஆனால் விடியற்காலையிலேயே முடித்துக் காய விடுங்கள். சுருண்டு கிடக்கும் பாய், சாக்கு, மின்விசிறி ஒயர் எல்லாவற்றையும் ஓரம் கட்டுங்கள்.

கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்துவிடும். அதில் உட்கார்ந்து பழகுவது கடினம். பலகைக் கட்டிலோ அகலமான பெஞ்சோ இருந்தால் நல்லது. ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுவதும் பட வேண்டும், அதுதான் சரியான உயரம். கைப்பிடியுள்ள, கால் ஆடாத நாற்காலி ஒன்றும் வேண்டும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியை நீங்கள் இருவரும் ஒரு முறை நடந்து பாருங்கள். எத்தனை படி? நிலைப்படி எவ்வளவு உயரம்? பிடித்துக்கொள்ள எங்கேயாவது சுவர் இருக்கிறதா? இரவில் விளக்கு உண்டா? அந்த வழியை வருகிறவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

பெரியவரையும் கேளுங்கள்

எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான். வருகிறவர் பெரியவரைப் பார்த்து, "உங்களுக்கு முதல்ல என்ன வேணும் ஐயா?" என்று கேட்பார். அந்தப் பதிலிலிருந்துதான் பயிற்சியைத் தொடங்குவார். ஆனால் அதற்கு முன் வீட்டில் யாராவது அவரை அப்படிக் கேட்டதுண்டா?

நாம் சொன்ன அந்த வீட்டுக்கே திரும்புவோம். திங்கட்கிழமை இரவு. கணவர் சொல்கிறார்: "அப்பாவுக்குக் காட்டைப் பார்க்கணும்னுதான் ஆசை இருக்கும். டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடலாம்."

மனைவி தண்ணீர்ச் சொம்போடு கட்டிலருகே போகிறாள். பொழுது சாய்ந்துவிட்டால் மாமா தண்ணீர் குடிப்பதில்லை. வாயை இறுக மூடிக்கொள்வார். இத்தனை நாளும் விழுங்க முடியவில்லை என்றே நினைத்திருந்தாள். அன்று மட்டும் என்னவோ தோன்றி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"மாமா, விழுங்கக் கஷ்டமா இருக்கா? ஆமான்னா எங்கையை அழுத்துங்க."

அவர் அழுத்தவில்லை.

"தாகம் இல்லையா?"

அழுத்தவில்லை. கண்ணை மட்டும் வாசல் பக்கம், கழிப்பறை இருக்கும் பக்கம் திருப்பினார்.

"ராத்திரி எழுப்ப வேண்டியிருக்கும்னா குடிக்க மாட்டேங்கறீங்க?"

இடது கை, அவள் கையை இறுக அழுத்தியது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருமகள் கையால் கழிப்பறைக்குப் போக நேர்ந்ததே என்ற கூச்சம். அவளைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டுமே என்ற சங்கடம். அதற்காகத் தாகத்தோடு படுத்திருந்தார். அவர் காட்டைக் கேட்கவில்லை, தானே எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டும், அதையே கேட்டார்.

தம்பதியரே, இது ஒரு வீட்டுக் கதை அன்று. தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் பலர். அதனால் மலச்சிக்கல் வருகிறது, சிறுநீரில் கிருமித் தொற்று வருகிறது. வெட்கத்தினால் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே கேளுங்கள். பேச்சு வராதவருக்குப் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. 'ஆமாம்', 'இல்லை' என்று பதில் வரும்படி கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி, அவர் இல்லாதது போல் பேசாதீர்கள்.

அவர் என்ன கேட்டாரோ அதை எழுதி வைத்த தாளின் தலைப்பில் எழுதுங்கள்.

அன்று காலை

வழக்கமான மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் கொடுத்துவிடுங்கள். "டாக்டர் வர்றாரே, பார்த்துட்டுக் கொடுக்கலாம்" என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள். அழுத்தம் ஏறியிருந்தால் அன்று பயிற்சியே செய்ய முடியாமல் போகும்.

அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக இட்லியோ கஞ்சியோ கொடுத்து முடியுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். படுத்தபடி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகக் கூடும். சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவரை வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய விடக் கூடாது.

உடை தளர்வாக இருக்கட்டும். முழங்காலும் தோளும் பார்க்கும்படி, எளிதில் விலக்கக் கூடியதாக இருந்தால் நல்லது. உடை மாற்றும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றுங்கள். மூக்குக் கண்ணாடி, பல் செட்டு, காது மெஷின் இருந்தால் போட்டு விடுங்கள். வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம், பின்னால் பட்டை உள்ளதாக இருக்கட்டும். சிறுநீர் கழிக்க வைத்துவிடுங்கள்.

சிகிச்சை பெறுபவர் பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். எந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கப் போகிறார், எதற்காக என்று முன்னதாகக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

அன்று பெரியவருக்குக் காய்ச்சல் இருந்தால் வருகிறவருக்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.

அவர் வந்திருக்கும்போது

தொலைக்காட்சியை நிறுத்துங்கள். அக்கம்பக்கத்தார் கூடி நின்று வேடிக்கை பார்க்க விடாதீர்கள். ஊர் பார்க்கத் தடுமாறி விழ யாருக்குத்தான் மனம் வரும்?

கேள்வி பெரியவரிடம் கேட்கப்பட்டால் பெரியவரே பதில் சொல்லட்டும். அவருக்கு வராதபோது மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

பயிற்சியைக் கண்ணால் பார்த்தால் போதாது. "நாங்க செஞ்சு காட்டறோம், சரியான்னு பாருங்க" என்று சொல்லி, கணவன் ஒரு முறை, மனைவி ஒரு முறை, அவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். தப்பு அங்கேயே திருந்திவிடும். அனுமதி கேட்டுக்கொண்டு கைப்பேசியில் படம் பிடித்தும் வைக்கலாம்.

கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்:

1. இந்தப் பயிற்சி ஒரு வேளைக்கு எத்தனை முறை? நாளைக்கு எத்தனை வேளை?
2. எவ்வளவு வலி வந்தால் பரவாயில்லை? எப்போது நிறுத்த வேண்டும்?
3. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது? தூக்குகிறவர் எங்கே பிடிப்பது?
4. படுக்கும்போது கையையும் காலையும் எப்படி வைப்பது?
5. கழிப்பறைக்குப் போகும் வழியில் என்ன மாற்றம் செய்யலாம்? கைப்பிடி எங்கே வைக்கலாம்?
6. கைத்தடியோ நடைச்சட்டமோ இப்போது வேண்டுமா? (கேட்காமல் கடையில் வாங்கிவிடாதீர்கள். உயரம் பொருந்தாத தடியால் விழுவதும் உண்டு.)
7. அடுத்து எப்போது வருவீர்கள்? நடுவில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

"நல்லாயிடுமா டாக்டர்?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். ஆனால் முதல் நாளே தேதி குறித்துச் சொல்ல எவராலும் இயலாது. "ஒரே மாதத்தில் ஓட வைக்கிறேன்" என்று வேறு எவராவது சொல்லிப் பணம் கேட்டால், நம்பி ஏமாறாதீர்கள்.

அவர் போன பிறகு: வேலையைப் பங்கிடுங்கள்

அன்று இரவே இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நம் தம்பதியர் இப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள். காலையில் காட்டுக்குப் போகுமுன் பயிற்சியும், கழிப்பறைக்கு அழைத்துப் போவதும் மகன் பொறுப்பு. பகலில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவதும், உணவும், சிறு பயிற்சியும் மருமகள் பொறுப்பு. மாலைப் பயிற்சி இருவருமாக. இரவில் எழுப்பினால் எழுவது மகன். "எங்கப்பா, நான்தான் எழுந்திருக்கணும்" என்று அவரே சொல்லிவிட்டார். பெரியவர் அன்று இரவு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

நோயாளியைப் பார்ப்பது பெண்பிள்ளை வேலை என்று ஒதுங்குவது நியாயமும் அன்று, லாபமும் அன்று. தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் வீட்டில் படுக்கை இரண்டாகும். தூக்கும்போது இருவருமே இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, ஆளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு வேளைப் பயிற்சிக்கும் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை வருகிறவரிடம் காலண்டரைக் காட்டுங்கள். பெரியவர் தானே செய்யக் கூடியதைத் தானே செய்யட்டும். நேரமாகிறதே என்று பிடுங்கிச் செய்யாதீர்கள். விழுந்த கையால் டம்ளரைத் தொட்டாலே அது ஒரு படிதான்.

அவர் சில நாள் அழலாம், சில நாள் கோபப்படலாம். மூளை பாதிக்கப்பட்டவருக்கு அது நோயின் ஒரு பகுதியாகவும் இருக்கும். நாள்கணக்கில் சாப்பிடாமல், பேசாமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

மனம் தளரும்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அது வாதம் அன்று, வேறு வகை. அவர் கால்கள் திரும்ப வரவேயில்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அதற்கென ஒரு துறையையே உருவாக்கினார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. முழுவதும் குணமாவது மட்டுமே வெற்றி அன்று. உள்ள பலத்தைக் கொண்டு, தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதும் வெற்றிதான்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி இவற்றில் எது கண்டாலும் பயிற்சியை நிறுத்தி 108-ஐ அழையுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் கண்டால் அந்தக் காலைத் தேய்க்காதீர்கள். உள்ளே இரத்தக் கட்டி இருக்கக் கூடும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க வராமல் போனாலும், பேச்சு குழறினாலும் அது புதிதாக வரும் வாதம். பெரியவருக்கு மட்டுமல்ல, உங்கள் இருவரில் ஒருவருக்கு வந்தாலும் அப்படித்தான். இரத்தக் குழாய் அடைப்பினால் வந்த வாதமானால், கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே "விடிஞ்சு பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

மறுபடி வாதம் வராமலிருக்க இரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இவற்றைக் குறைக்க வேண்டும். பீடி, சிகரெட் அடியோடு நிறுத்த வேண்டும். முப்பது வயது தாண்டிய நீங்களும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்

1. அவர் வரும் நாளில் இருவரும் வீட்டில் இருக்க ஏற்பாடு செய்துவிட்டோமா?
2. மஞ்சள் பையில் எல்லாச் சீட்டும் மாத்திரையும் இருக்கின்றனவா?
3. கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா?
4. விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியுமா?
5. பெரியவருக்கு முதலில் என்ன வேண்டும் என்று அவரையே கேட்டோமா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் உங்கள் வீடு ஆயத்தமாகிவிட்டது. ஏதாவது ஒன்றுக்கு 'இல்லை' என்றால், இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, இப்போதே எழுந்து அதைச் செய்யுங்கள்.